புதன்கிழமை இரண்டு கோடு, சனிக்கிழமை ஊட்டி: கோவிட்டோடு சுற்றுலா போகலாமா என்று முடிவெடுக்க முழு வழிகாட்டி

ஒரு மே மாதப் புதன்கிழமை, காலை ஏழரை மணி. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில், காபி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு ஆன்டிஜென் கிட். அதில் இரண்டு கோடு. சனிக்கிழமை விடியற்காலை ஊட்டிக்குக் கிளம்ப வேண்டும். அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, காரை ஊட்டிக்குள் விட இ-பாஸ் எடுத்தாகிவிட்டது, கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனார் குடும்பமும் அங்கே வந்து சேர்வதாகப் பேச்சு. பிள்ளைகள் ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் காயப்போட்டு இரண்டு நாள் ஆகிறது.

என் வீட்டுக்காரர் கோட்டை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "வெறும் சளிதான். டோலோ போட்டா சரியாயிடும். வண்டிய நீ ஓட்டு, நான் பின்னாடி படுத்துக்கறேன்" என்றார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய பல விஷயங்களை அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். அவற்றை முடிவெடுக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "என்னால் தாங்க முடியுமா" என்று மட்டும் கேட்டுக்கொண்டால் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவோம். கேட்க வேண்டியது வேறு: இன்றைக்கு எத்தனையாவது நாள்? பக்கத்தில் யார் உட்காரப்போகிறார்கள்? உடம்பு மோசமானால் அந்த ராத்திரி எந்த ஊரில் இருப்போம்?

முதல் படி: கோட்டைச் சரியாகப் படிப்பது

வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆன்டிஜென் கிட்டுக்கு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2021 மே மாதம் அனுமதி கொடுத்தது. புனேயில் தயாரான கோவிசெல்ஃப்தான் முதலில் வந்தது. மூக்கில் குச்சியை விட்டு, துளி விட்டு, 15 நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது என்னும்படி மங்கலான கோடும் பாசிட்டிவ்தான். அதே சமயம், குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து "இப்ப கோடு வந்திருக்கு" என்று பதற வேண்டாம். குறித்த நேரம் தாண்டிய பிறகு தெரிவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெட்டியில் காலாவதித் தேதியையும் பாருங்கள். கோடையில் கார் டாஷ்போர்டில் கிடந்த கிட்டை நான் நம்ப மாட்டேன்.

பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ். நெகட்டிவ் என்றால்தான் யோசிக்க வேண்டும். தொண்டை கரகரத்த முதல் நாளில் வைரஸ் அளவு குறைவாக இருந்து, கோடு வராமல் போவது சகஜம். அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், அல்லது லேபில் செய்யும் ஆர்டிபிசிஆர் டெஸ்ட் கொடுங்கள். ஒரே ஒரு நெகட்டிவைக் கையில் வைத்துக்கொண்டு "கோவிட் இல்லை, கிளம்பு" என்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு.

ஆர்டிபிசிஆரை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். "குணமாகிவிட்டதா" என்று பார்க்க அது உதவாது. செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் உடம்பில் தங்கி, நோய் போன பிறகும் பாசிட்டிவ் காட்டும். பரவும் கட்டம் முடிந்ததா என்று பார்க்க ஆன்டிஜென் கிட்டே ஓரளவு பொருத்தம்.

பெங்களூருக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மே மாத மழை தொடங்கிவிட்டால் இங்கே டெங்குவும் தொடங்கிவிடும். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாகவே அறிவித்தது. கோவிட் நெகட்டிவ், ஆனால் காய்ச்சல் அடிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்த ஊருக்கும் கிளம்ப வேண்டாம். அதுவரை பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயத்தை அவை கூட்டும்.

இரண்டாம் படி: நாள் எண்ணுவது

எல்லாரும் தப்பு செய்யும் இடம் இதுதான். டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து சிலர் எண்ணுகிறார்கள். அறிகுறி தொடங்கிய நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ண வேண்டும். அறிகுறியே இல்லாமல் பாசிட்டிவ் ஆனவர்கள் மட்டும் டெஸ்ட் எடுத்த நாளைப் பூஜ்யமாக வைக்கலாம். நடுவில் அறிகுறி வந்தால் அங்கிருந்து மறுபடி எண்ண வேண்டும்.

எங்கள் வீட்டில் திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போதே அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நானும் மிளகுப் பால் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். ஆக திங்கள் பூஜ்யம், புதன் 2, சனிக்கிழமை 5. திங்களன்று திரும்பி வரும்போது 7.

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஒருவர் தொற்றைப் பரப்ப முடியும். அறிகுறி வந்த முதல் சில நாள்களில்தான் அது உச்சம். பிறகு குறைந்துகொண்டே வந்து, பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 10 நாளுக்குள் அடங்கும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு இன்னும் நீளும்.

அரசாங்கங்கள் இதையே ஒவ்வொரு விதமாக விதியாக்கின. இந்திய சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வீட்டுத் தனிமை விதியில், பாசிட்டிவ் வந்து குறைந்தது 7 நாள் ஆகியிருக்க வேண்டும், அதோடு கடைசி 3 நாள் தொடர்ந்து காய்ச்சல் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2024 மார்ச்சில் நாள் கணக்கைத் தளர்த்தியது: காய்ச்சல் மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, மற்ற தொந்தரவுகளும் குறைந்து வருகின்றன என்றால் வெளியே வரலாம், ஆனால் அடுத்த 5 நாள் மாஸ்க், காற்றோட்டம், கூட்டம் தவிர்த்தல் என்று கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் பெரியவர்கள் 5 நாள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் 3 நாள் வீட்டில் இருக்கப் பார்க்க வேண்டும், நோய் எளிதில் முற்றக்கூடியவர்களை 10 நாள் சந்திக்காமல் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இவை எல்லாம் வீட்டை விட்டு வெளியே வருவதற்கான விதிகள். ஏழு மணி நேரம் மூடிய வண்டியில் உட்கார்ந்து, மலையேறி, ஒரே அறையில் ஆறு பேர் தூங்குவதற்கான விதிகள் இல்லை. அதனால் எனக்கு நானே இப்படி வகுத்துக்கொண்டேன். 5ஆம் நாள் முடியும் வரை எந்தப் பயணமும் கிடையாது, விவாதமே வேண்டாம். 6 முதல் 10 வரை, மாத்திரை போடாமல் காய்ச்சல் இல்லாமல் இருந்து, கிட்டில் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை நெகட்டிவ் வந்தால், கீழே வரும் மற்றப் படிகளையும் தாண்டினால், போகலாம். 10 தாண்டி உடம்பும் தேறிவிட்டால் தாராளமாகப் போகலாம்.

"மாத்திரை போடாமல்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். டோலோ 650 நம் பெங்களூரு கம்பெனியின் தயாரிப்புதான். இந்த ஊரில் அதற்கு ஒரு குலதெய்வ அந்தஸ்தே உண்டு. அது காய்ச்சலை நாலிலிருந்து ஆறு மணி நேரம் இறக்கி வைக்கும், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டு எட்டு மணிக்கு தெர்மாமீட்டர் வைத்து "98.4, பாரு" என்று காட்டினால், அது மாத்திரையின் சாமர்த்தியம்.

மூன்றாம் படி: நோயாளி எந்த நிலையில் இருக்கிறார்

கோவிட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. முதல் நாலு நாள் சாதாரண சளி போல இருந்துவிட்டு, சிலருக்கு 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் மூச்சுத் திணறல் தொடங்கும். தடுப்பூசிகளும் முந்தைய தொற்றுகளும் வந்த பிறகு இது குறைந்திருக்கிறது. 60 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று. எங்கள் கணக்குப்படி 5 முதல் 7 வரை ஊட்டியில் கழிந்திருக்கும்.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர், அதாவது விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி, இருந்தால் (2021இல் எல்லாரும் அடித்துப் பிடித்து வாங்கினோமே, அலமாரியில் தேடுங்கள், பேட்டரி கசிந்திருக்கும்) உட்கார்ந்த நிலையில் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுப் பாருங்கள். நகப்பூச்சு இருக்கக் கூடாது. விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலுக்கு இந்தக் கருவி உண்மையை விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். அதனால் 94 என்று காட்டினால் "தப்பித்தோம்" என்று நினைக்காமல் மறுபடி மறுபடி பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது நல்ல எண் வந்தால், விரலில் கருவியோடு ஆறு நிமிடம் ஹாலிலேயே நடந்து பாருங்கள். எண் 93க்குக் கீழே போனாலோ, 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, தலை சுற்றினாலோ, டாக்டரைப் பார்க்கும் வரை பயணப் பேச்சே எடுக்க வேண்டாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குபவரும், ஏற்கெனவே நெஞ்சு நோய் இருப்பவரும் தனியாக இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, மலை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே. ஊட்டி 2240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான், மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. நல்ல உடம்புக்காரருக்கே ஆக்சிமீட்டரில் சில புள்ளி குறையும். நுரையீரல் வீங்கியிருக்கும் ஒருவர் பெங்களூரில் 95இல் இருந்தால் ஊட்டியில் எவ்வளவு காட்டும், அது மலையால் குறைந்ததா நோயால் குறைந்ததா என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து யார் சொல்வது? கொடைக்கானலும் ஏறக்குறைய இதே கதை, 2100 மீட்டர். விமானத்தில் போனால் மலை இல்லையே என்று நினைப்பவர்களுக்கு: பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட 1800 முதல் 2400 மீட்டர் உயர மலைக்குச் சமம். போதாததற்கு, மூக்கடைப்போடு இறங்கினால் காது பிளக்கும்.

அதிக ஆபத்துள்ளவர் யாராக இருந்தாலும், பயணத்தை யோசிப்பதற்கு முன்னால் டாக்டரை யோசியுங்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை, அதாவது நிர்மட்ரெல்விர்–ரிட்டோனாவிர் போன்றவை, அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பயன். சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடும் வேறு பல மருந்துகளோடும் அது ஒத்துப்போகாது; எனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள். அந்த ஐந்து நாளைச் சுற்றுலாவில் செலவழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

நான்காம் படி: மற்றவர்களை எண்ணுவது

புதன்கிழமை மத்தியானம் வீட்டில் ஒரு யோசனை வந்தது. "அவர் மட்டும் வீட்டில் இருக்கட்டும். நீங்க பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க" என்று அத்தையே சொன்னார். என் மாமியாருக்கு 71 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. மகனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கத் தான் போதும் என்றார்.

பாசமாகச் சொன்ன யோசனை, ஆனால் இரண்டு பக்கமும் ஓட்டை. ஓமிக்ரான் வகைகளில் தொற்று ஒட்டியதிலிருந்து அறிகுறி தெரிய வழக்கமாக 2 முதல் 4 நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரோடு ஒரே வீட்டில், ஒரே பாத்ரூமில், ஒரே சாப்பாட்டு மேஜையில் இருந்த நாங்கள் யாரும் புதன்கிழமை "நெகட்டிவ்" என்று மார்தட்ட முடியாது. எங்களில் ஒருவருக்கு வருவதாக இருந்தால் அது வியாழன், வெள்ளி, சனி என்று சரியாகக் கிளம்பும் நேரத்தில்தான் வரும். இன்னொரு பக்கம், 71 வயது சர்க்கரை நோயாளியை ஒரு கோவிட் நோயாளிக்கு நர்ஸாக உட்கார்த்திவிட்டுப் போவது நடக்காத காரியம்.

அடுத்து, போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்கள். இதற்குத் தாளில் பெயர் எழுதிப் பாருங்கள், மனதில் நினைத்தால் போதாது. எங்கள் தாளில் நாத்தனார் பெயருக்குப் பக்கத்தில் "ஆறு மாசம்" என்று எழுதினேன். கர்ப்ப காலத்தில் கோவிட் வந்தால் தாய்க்கு நோய் முற்றும் வாய்ப்பும், குறைப் பிரசவ வாய்ப்பும் கூடும். அந்த ஒரு வரியை எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன்.

உங்கள் தாளில் வேறு பெயர்கள் இருக்கும். சேலத்திலோ வேலூரிலோ ஆஸ்துமாவோடு ஒரு பெரியப்பா, கீமோ முடித்து வந்த சித்தி, பிறந்து ஒரு மாதமான குழந்தை. அப்படி ஒருவர் இருக்கும் வீட்டுக்கு 10 நாள் முடியாமல் போகாதீர்கள். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போவதும் சுற்றுலாதான்; அதற்கு இதே கணக்கு, சொல்லப்போனால் ஹோட்டலுக்குப் போவதை விடக் கடுமையான கணக்கு. ஹோட்டலில் யாரும் உங்களைக் கட்டிப்பிடித்துச் சோறு ஊட்டுவதில்லை.

ஐந்தாம் படி: எதில் போகிறோம்

சொந்தக் கார் என்றால் பாதிக்கப்படுபவர்கள் உங்கள் வீட்டார் மட்டும். மற்றவற்றில் பணம் கட்டி ஏறிய அந்நியர்கள். மடிவாளாவில் ராத்திரி ஏறும் ஏசி ஸ்லீப்பர் ஆம்னி பஸ்ஸை நினைத்துப் பாருங்கள்: ஜன்னல் திறக்காது, திரைச்சீலை போட்ட பெட்டி பெட்டியான படுக்கை, எட்டு பத்து மணி நேரம் ஒரே காற்று. பெங்களூரு கன்டோன்மென்டிலிருந்து மதுரை போகும் வந்தே பாரத்திலும் ஜன்னல் திறக்காது. சாதாரண ஸ்லீப்பர் வகுப்பில் ஜன்னல் திறந்திருப்பதால் காற்று ஓடும், ஆனால் எட்டு பேர் முகத்துக்கு முகம். 6–10 நாள்களில் தவிர்க்க முடியாமல் இவற்றில் ஏறினால், என்95 மாஸ்க்கை முகத்தில் இடைவெளியில்லாமல் பொருத்தி, சாப்பிடுவதற்கும் கழற்றாமல் இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் டிக்கெட்டை விட்டுவிடுங்கள்.

காரில் போகும்போது ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைக்காதீர்கள், வெளிக்காற்று எடுக்கும் பட்டனுக்கு மாற்றுங்கள். ஓட்டுநர் பக்கத்து ஜன்னலையும் எதிர்மூலைப் பின் ஜன்னலையும் நாலு விரல் இறக்கினால் காற்று குறுக்கே ஓடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள். கோவிட்டும் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும், காலை மடக்கி நீண்ட நேரம் உட்காருவதும் கூட்டும். தொற்று வந்தவர் ஓட்டக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம், இருமல் மருந்தும் அசதியும் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவும் ஒத்துப்போகாது என்பதுதான்.

ஆறாம் படி: அந்த ராத்திரி எங்கே இருப்போம்

பெங்களூரு–மைசூரு–பந்திப்பூர்–கூடலூர் வழியாக ஊட்டி போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படும். ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் காருக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மசினகுடிப் பக்கம் காட்டு ஓரத்தில் ஹோம்ஸ்டே எடுத்திருந்தால் ராத்திரி பத்து மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் மைசூருவை மறந்துவிட்டு, இருட்டில் மலையேறி ஊட்டிக்குப் போக வேண்டும். ஊட்டி நகரத்திலேயே தங்குபவர்களுக்கு நிலைமை மேல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர், சுமார் மூன்று மணி நேரம். மே மாதக் கூட்டத்தில் அந்த மூன்று எவ்வளவாகும் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

108 ஆம்புலன்ஸ் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே எண்தான். செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் அது உதவாது, அதனால் தங்குமிடத்தில் சிக்னல் உண்டா, ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பணமும் கெடுவும்

"பணம் போயிடுமே" என்பது நியாயமான கவலைதான். ஆனால் கட்டிய பணம் போனாலும் உடம்பு அப்படியேதான் இருக்கப்போகிறது. கேட்க வேண்டியது, இன்றைக்கு ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், நாளைக்குச் செய்தால் எவ்வளவு என்பது மட்டும். எல்லாப் பதிவுகளிலும் புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். எனவே ஒவ்வொரு பதிவுக்கும் கடைசியாக நல்ல தொகை திரும்பும் மணி எது என்று எழுதி, அதில் முதலில் வருவதை உங்கள் முடிவுக்குக் கெடுவாக வையுங்கள். "வெள்ளி ராத்திரி எப்படி இருக்குன்னு பாப்போம்" என்பதுதான் அதிகச் செலவு வைக்கும் முடிவு.

ரயிலில் கவனிக்க வேண்டியவை சில. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் எதுவும் திரும்பாது. ஒரே பிஎன்ஆரில் ஐந்து பேர் இருந்தால் நோயாளி ஒருவரை மட்டும் ரத்து செய்யலாம், எல்லாரையும் கழிக்கத் தேவையில்லை. உறுதியான டிக்கெட்டைப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்னால் முன்பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம்: அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், கணவன், மனைவி, மகன், மகள். அடையாள அட்டையும் உறவைக் காட்டும் சான்றும் கேட்பார்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், பொங்கல் தீபாவளி டிக்கெட்டை விட மனசு வராது என்பது புரிகிறது. பெயர் மாற்றம் அந்த வலிக்குக் கொஞ்சம் மருந்து.

ஹோட்டலில் "பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று தொடங்காதீர்கள். "தேதி மாற்றிக் கொடுங்கள், டெஸ்ட் படம் அனுப்புகிறேன்" என்று தொடங்குங்கள். சீசன் நேரத்தில் உங்கள் அறை அரை நாளில் வேறொருவருக்குப் போய்விடும், அது அவர்களுக்கும் தெரியும். எங்களுக்கு முதல் அழைப்பில் முடியாது என்றார்கள். இரண்டாவது அழைப்பில் மேனேஜரிடம் நாள் கணக்கைச் சொன்னேன்: "சனிக்கிழமை வந்தா அவருக்கு அஞ்சாவது நாள், உங்க ரூம் பாய்க்கும் வரும்." ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் சின்ன வித்தியாசத் தொகையோடு ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னார்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 ஏப்ரல் முதல் சீசனில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வந்தது. பாஸ் இலவசம், ஆனால் தேதிக்கு உரியது. பயணத்தைத் தள்ளினால் புதிதாக எடுக்க வேண்டும். ஹோட்டல் தேதியை உறுதி செய்வதற்கு முன்னால் அந்தத் தேதிக்குப் பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாம் படி: சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வது

"கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்று சொன்னால் மறுமுனையிலிருந்து "அதனாலென்ன, இங்க வந்து ரெஸ்ட் எடு" என்றுதான் வரும். நம் ஆட்களின் பாசம் அப்படி. நாளையும் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் நாத்தனாரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணனுக்குக் கோவிட் பாசிட்டிவ். திங்கக்கிழமை ஆரம்பிச்சது. சனிக்கிழமையும் ஒட்டும். நீ இருக்கற நிலைமைல நாங்க வரமாட்டோம்." அவளுக்கு முதலில் வருத்தம், அப்புறம் "நல்ல வேளை சொன்னீங்க அண்ணி" என்றாள். அவள் கணவர்தான் போனை வாங்கி, "இப்பல்லாம் யாரு அக்கா கோவிட் பாக்கறா" என்றார். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது உண்மை. நோய் முடிந்தது என்று அது சொல்லவில்லை. அதைப் போனில் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

ஒன்பதாம் படி: போவதென்று முடிவானால்

8ஆம் நாள், காய்ச்சல் போய் மூன்று நாள், கிட் இரண்டு தடவை நெகட்டிவ், நடந்து பார்த்ததில் எண் இறங்கவில்லை, தாளில் ஆபத்தான பெயர் எதுவும் இல்லை. சரி, போங்கள். தெர்மாமீட்டர், ஆக்சிமீட்டர், இரண்டு கிட், பாராசிட்டமால், ஓஆர்எஸ், வழக்கமான மாத்திரைகள் நாலு நாள் கூடுதலாக. தேறி வருபவருக்கு முடிந்தால் தனி அறை, இல்லாவிட்டால் ஜன்னல் ஓரப் படுக்கை. சாப்பாடு திறந்த வெளியில். முதல் நாள் எதுவும் பார்க்க வேண்டாம், உடம்பு உயரத்துக்குப் பழகட்டும். தொட்டபெட்டா 2637 மீட்டர். அதை இந்த முறை விட்டுவிடுங்கள், அது எங்கேயும் போகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலில் சின்னப் பெட்டிக்குள் இடித்துக்கொண்டு நாலைந்து மணி நேரம் உட்கார வேண்டும், அதுவும் இப்போது வேண்டாம்.

பத்தாம் படி: போன இடத்தில் பாசிட்டிவ் ஆனால்

உடனே வண்டியைத் திருப்ப வேண்டும் என்றுதான் தோன்றும். காய்ச்சலும் அசதியும் மட்டும் என்றால் இருந்த இடத்திலேயே அறையை நீட்டித்து மூன்று நாலு நாள் படுப்பது நல்லது. தங்குமிடத்தாரிடம் மறைக்காதீர்கள், சாப்பாட்டை வாசலில் வைக்கச் சொல்ல அது தேவை. சொந்தக் கார் இருந்து, வீட்டாரோடு மட்டும், பகலில், நோயாளி ஓட்டாமல் திரும்ப முடிந்தால் திரும்பலாம். பஸ்ஸிலும் ரயிலிலும் வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரம் எது என்பதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை பார்த்தும் ஆக்சிஜன் 93 அல்லது அதற்குக் கீழ். மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல். நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம். பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் தெளியாத தூக்கம். மூன்று நாள் தாண்டியும் 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல். இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைதான்; முதல் நான்கில் எது வந்தாலும் 108.

எங்கள் வீட்டில் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி அத்தைக்கு இருமல் தொடங்கியது. சனிக்கிழமை காலை, பந்திப்பூர் செக்போஸ்ட்டை நாங்கள் தாண்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், அதே சமையல் மேடையில் இரண்டாவது கிட்டிலும் இரண்டு கோடு. அவருக்கு அது முதல் நாள் என்பதால் டாக்டரிடம் மாத்திரை அட்டைகளோடு உடனே போக முடிந்தது. சர்க்கரை மட்டும் ஒரு வாரம் ஏறி இறங்கியது, மூச்சுக்கு ஒன்றுமில்லை.

பிள்ளைகள் ஒரு வாரம் மொட்டை மாடியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஊட்டி விளையாட்டு விளையாடினார்கள். அக்டோபரில் நிஜமாகவே போனோம். நாத்தனார் வரவில்லை, கைக்குழந்தை. திரும்பும்போது கோயம்புத்தூரில் இறங்கி, குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலிலேயே அத்தை என்னைப் பார்த்து, "ஏம்மா, நமக்கெல்லாம் யாருக்கும் சளி கிளி இல்லையே?" என்று கேட்டார்.